அந்தமானுக்கு எந்தக் கையேட்டை எடுத்துப் போவது?

மூட்டைமுடிச்சு (நவம்பர் 8, இரவு 9:40)

வணக்கம். பொங்கல் முடிந்த கையோடு ஆறு இரவு அந்தமான் போகிறோம். நான், வீட்டுக்காரர், ஒன்பது வயது மகன், எழுபதைத் தொடும் மாமியார். விமான டிக்கெட் போட்டாச்சு. போர்ட் பிளேர், ஹேவ்லாக் தீவு, நீல் தீவு என்று மூன்று இடத்திலும் தங்குகிறோம்.

நேற்று ஈரோட்டில் கடையில் மூன்று புத்தகம் புரட்டினேன். ஒன்று இந்தியா முழுவதுக்குமான தலையணை, அதில் அந்தமானுக்கு ஒரு அத்தியாயம். இரண்டாவது வழவழ தாளில் முழுக்கப் படம். மூன்றாவது மெலிசு, அந்தமானுக்கு மட்டுமானது, எழுத்து பொடிசு. எதை வாங்குவது? எதை வைத்து முடிவு செய்வது?

"போன் இருக்கும்போது புத்தகம் எதற்கு" என்று இவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்குப் புத்தகம் வேண்டும். அதை மட்டும் இங்கே விவாதிக்காதீர்கள்.

மொட்டைமாடி (நவம்பர் 8, இரவு 10:05)

விவாதிக்காதீர்கள் என்றால் விவாதிப்போம். அக்கா, உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். கைடு என்றாலே எனக்குப் பத்தாம் வகுப்பு நோட்ஸ் ஞாபகம்தான் வருகிறது. அச்சாகி வரும்போதே பாதி பழசு. ஓட்டல், படகு, கட்டணம் எல்லாம் போனில் அன்றைக்குள்ளதே கிடைக்கும்.

நான் போனபோது ஒரு புத்தகத்தை நம்பி ஏமாந்தேன். "மாலை ஆறு மணிக்கு ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைக் காணத் தவறாதீர்கள்" என்று போட்டிருந்தது. டிசம்பர் மாதம். சாவகாசமாகக் காபி குடித்துவிட்டு ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். கும்மிருட்டு. எல்லாரும் டார்ச் அடித்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எதிர்நீச்சல் போட்டு உள்ளே போனவன் நான் ஒருவன்தான்.

ஹாடோவாசி (நவம்பர் 8, இரவு 11:20)

மொட்டைமாடி சொல்வது நியாயம்தான். ஆனால் அது அந்தப் புத்தகத்தின் குற்றம், புத்தகம் என்ற சாதியின் குற்றம் இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேர். இந்தியக் கடிகாரம் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. நாங்கள் இருப்பது கிட்டத்தட்ட 92¾ பாகை. பாகைக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் எங்கள் சூரியன் நாற்பது நிமிடம் முந்தி ஓடுகிறது. டிசம்பரில் ஐந்து மணியை ஒட்டி மறைந்துவிடும். காலையில் ஐந்தரைக்கெல்லாம் விடிந்துவிடும். ஒரு கையேடு இதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லவில்லை என்றால், எழுதியவர் சென்னையில் உட்கார்ந்தே எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

போன் பற்றி: சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்த பிறகு இணையம் எவ்வளவோ மேல். அதற்கு முன்னால் ஒரு படம் அனுப்ப டீ குடித்துவிட்டு வரவேண்டும். இப்போதும் நடுக்கடலிலும் பாராடாங் தீவுக்குப் போகும் காட்டுச் சாலையிலும் போன் வெறும் கடிகாரம்தான்.

பழையபுத்தகம் (நவம்பர் 9, காலை 6:15)

என் வீட்டில் பயணக் கையேடுகள் மட்டும் ஒரு அலமாரி. பெரும்பாலும் நடைபாதைக் கடையில் வாங்கியவை. போன ஊரை விடப் போகாத ஊருக்குத்தான் அதிகம் வைத்திருக்கிறேன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

அட்டையைப் பார்க்காதீர்கள், முன்னுரையையும் விடுங்கள். முதலில் பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். "மறுஅச்சு" என்று போன வருடத்தைப் போட்டிருப்பார்கள். மறுஅச்சு வேறு, திருத்திய பதிப்பு வேறு. மறுஅச்சு என்றால் பழைய சாதத்துக்குப் புதுத் தட்டு.

அந்த வருடத்தையும் நம்ப மாட்டேன் என்கிறவர்களுக்கு, அந்தமானுக்கென்று என்னிடம் சில உரைகல் இருக்கிறது.

ஒன்று, யானை. ஹேவ்லாக்கில் ராஜன் என்ற யானை கடலில் நீந்தும். மரம் இழுக்க வந்து, பிறகு உலகப் புகழ் பெற்ற யானை. 2016இல் அது இறந்துவிட்டது. "யானையோடு நீந்தலாம்" என்று இன்னும் ஒரு புத்தகம் சொன்னால் அது எந்தக் காலத்துச் சரக்கு என்று தெரிந்துவிடும்.

இரண்டு, தீவுகளின் எண்ணிக்கை. பழைய புத்தகங்கள் 572 என்று சொல்லும். பாறைத்திட்டுகளையும் சேர்த்து இப்போதைய அரசுக் கணக்கு 836. 572 என்று இருந்தால் அதற்காகவே தூக்கிப் போட வேண்டாம். ஆனால் எதிலிருந்தோ பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வர வேண்டும்.

மூன்று, பெயர்கள். 2018 டிசம்பர் கடைசியில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும், நீல் ஷஹீத் தீவாகவும், ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாகவும் மாறின. 2021இல் ஹாரியட் மலை மணிப்பூர் மலை ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம். நல்ல புத்தகம் இரண்டு பெயரையும் தரும். ஏனென்றால் டிக்கெட்டில் ஒன்று இருக்கும், ஆட்டோக்காரர் வாயில் இன்னொன்று இருக்கும்.

ஹாடோவாசி (நவம்பர் 9, காலை 7:02)

நான்காவது என்னுடையது. நீல்ஸ் கோவ் என்ற குட்டி வளைகுடா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெயரைப் பார்த்து நீல் தீவில் போட்டுவிடுவார்கள். அது ஹேவ்லாக்கில், ராதாநகர் கடற்கரையை அடுத்து இருக்கிறது. 2010இல் ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை கொன்றது அங்கேதான். உவர்நீர் முதலை எங்கள் ஊரில் கதையில்லை. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம். முதலை என்ற சொல்லே இல்லாத அந்தமான் கையேட்டைக் குழந்தையோடு போகிறவர்கள் வாங்காதீர்கள்.

மூட்டைமுடிச்சு (நவம்பர் 9, இரவு 8:30)

அலுவலகம் விட்டு நேராகக் கடைக்குப் போனேன். உட்கார ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள், பாவம்.

வழவழ புத்தகத்தில் யானை இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறது! முழுப் பக்கப் படம். முதலை இல்லவே இல்லை. தலையணைப் புத்தகத்தில் முதலை இருக்கிறது, யானை இல்லை, பெயர்கள் இரண்டும் இருக்கின்றன. ஆனால் நீல் தீவுக்கு ஒன்றரைப் பக்கம்தான். மெலிசுப் புத்தகத்தில் முதலை உண்டு, 572 தீவு, பெயரெல்லாம் பழசு. திருத்திய பதிப்பு என்று வருடமே இல்லை.

குழப்பம் கூடித்தான் போயிருக்கிறது.

கீழைக்காற்று (நவம்பர் 9, இரவு 10:48)

நான் ராமேஸ்வரம் பக்கம். கடலில் பிழைக்கிற குடும்பம். கையேடு எதுவும் வாங்கியதில்லை, ஆனால் நீல் தீவுக்கு வேலை விஷயமாகப் போயிருக்கிறேன். இதுவரை யாரும் வற்றுப்பெருக்கு பற்றிப் பேசாதது ஆச்சரியமாக இருக்கிறது.

நீல் தீவில் எல்லாரும் பார்க்கப் போகும் பாறைப் பாலம் லட்சுமண்பூரில் இருக்கிறது (அந்தத் தீவின் ஊர்ப் பெயரெல்லாம் ராமாயணம்: ராம்நகர், பரத்பூர், சீதாபூர்). பாலத்துக்குப் போவது பவளப் பாறை மேல் நடந்து. கடல் வற்றியிருந்தால்தான் நடை. பெருகியிருந்தால் பாறை தண்ணீருக்குள், பாலத்தைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வற்றியிருந்தால் பள்ளங்களில் தேங்கிய தண்ணீரில் நட்சத்திர மீன், கடலட்டை, குட்டி மீன்கள் எல்லாம் உங்கள் பையன் குனிந்து பார்க்கலாம்.

அதே மாதிரி ஹேவ்லாக். தங்கும் விடுதிகள் பெரும்பாலும் கிழக்குப் பக்கம், மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர் கடற்கரைகளில். விளம்பரப் படத்தில் வாசற்படி வரை நீலத் தண்ணீர். அது பெருக்கில் எடுத்த படம். வற்றில் தண்ணீர் எங்கோ போய்விடும், நடுவில் பாறையும் பாசியும்தான். முழங்கால் ஆழத்துக்கே ரொம்ப தூரம் நடக்கணும். மேற்கே ராதாநகர் மணல் கடற்கரை, அங்கே வற்றிலும் குளிக்க ஆழம் இருக்கும்.

இதெல்லாம் பத்து வருடத்துக்கு முன்னாலும் இப்படித்தான், இனியும் இப்படித்தான். ஓட்டல் மாறும், படகுக் கட்டணம் மாறும், வற்று மாறாது. இதைச் சொல்கிற புத்தகம் எவ்வளவு பழசானாலும் வாங்கலாம் என்பது என் கணக்கு.

பழையபுத்தகம் (நவம்பர் 9, இரவு 11:10)

இந்த உரைகல் நம் நான்கையும் சாப்பிட்டுவிட்டது. எழுதியவர் நேரில் போய் நின்றாரா என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

மொட்டைமாடி (நவம்பர் 9, இரவு 11:25)

வற்று நேரம் போனில் வருமே? செயலி இருக்கிறது.

கீழைக்காற்று (நவம்பர் 10, காலை 5:30)

வரும் தம்பி. ஆனால் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொல்வார்கள்? தெரியாததைத் தேட முடியாது. புத்தகம் அங்கேதான் உதவும்.

செயலி இல்லாவிட்டாலும் தினசரிக் காலண்டர் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றும் ஆழமாக வற்றும், பெருக்கும் உயரமாகப் பெருகும். அஷ்டமி, நவமியை ஒட்டி இரண்டும் மந்தம். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். போர்ட் பிளேர் பக்கம் வித்தியாசம் இரண்டு மீட்டரை ஒட்டி இருக்கும். சென்னைக்காரர்கள் பார்த்த அளவு இல்லை.

சகோதரி, பொங்கல் முடிந்த கையோடு என்றீர்கள். காலண்டரைப் பாருங்கள். தை அமாவாசை உங்கள் பயணத்துக்குள் வருகிறதா?

மூட்டைமுடிச்சு (நவம்பர் 10, காலை 9:12)

வருகிறது! நீல் தீவில் இருக்கும் நாளில். மாமியார் இதைக் கேட்டதும் "தை அமாவாசைக்குக் கடல் குளியல், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். இதுவரை வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தவர்.

கீழைக்காற்று (நவம்பர் 10, காலை 9:40)

அப்படியானால் அந்தப் பக்கக் கடலில் அமாவாசை அன்று காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் பெருக்கு, பிற்பகல் நான்கை ஒட்டி வற்று. அம்மாவைக் காலையில் பரத்பூர் கடற்கரையில் குளிக்க வையுங்கள். வற்றில் அங்கே குளிக்க ஆழம் இருக்காது. பாலத்துக்குப் பிற்பகல் மூன்றரைக்குப் போங்கள். ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டும், தண்ணீரும் திரும்பி ஏறும், நின்று செல்பி எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். நேரத்தை அங்கே படகுத்துறையில் ஒரு முறை கேட்டுச் சரிபாருங்கள்.

நீர்மூழ்கி (நவம்பர் 10, மதியம் 1:15)

படப் புத்தகத்துக்கு ஒரு குட்டு நானும் வைக்கிறேன். கடலுக்கு அடியில் எடுத்த படங்கள் எந்த வருடத்தவை என்று தெரியாமல் நம்பாதீர்கள். 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளப் பாறைகள் பெருமளவு வெளுத்துப்போயின. சில இடம் தேறியது, சில இடம் தேறவில்லை. ஹேவ்லாக்கில் உள்ள யானைக் கடற்கரையில் ஆழம் குறைந்த பகுதியில் உடைந்த துண்டுகள் நிறையக் கிடக்கும். இருந்தும் மீன் கூட்டம் உண்டு, நீச்சல் தெரியாதவர்கள் மிதவையைப் பிடித்துக்கொண்டு முகத்தை அமிழ்த்தினாலே கிளிமீன் தெரியும். ஆனால் படத்தில் உள்ள தோட்டத்தை எதிர்பார்த்துப் போனால் சண்டைதான்.

இன்னொன்று, பையன் கிளிஞ்சல், பவளத் துண்டு பொறுக்கிப் பைக்குள் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்துப்போகத் தடை. விமான நிலையச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள்.

ஹாடோவாசி (நவம்பர் 10, இரவு 9:55)

எந்தக் கையேட்டைக் கையில்கூடத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். பாராடாங் போகும் வழியில் "ஜாரவா மக்களைப் பார்க்கலாம்" என்று, அந்தக் காட்டில் வாழும் பழங்குடிகளைக் காட்டி ஆசை மூட்டும் புத்தகம்.

பாராடாங் போக அந்தமான் டிரங்க் சாலையில் ஜாரவா காப்புக்காட்டைக் கடக்க வேண்டும். ஜிர்கடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளைச் சேர்த்து, குறித்த நேரத்தில் காவலோடு வரிசையாக விடுவார்கள். நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, எதையும் கொடுக்கக்கூடாது. அவர்களைப் பாதுகாக்கும் சட்டம் 1956இலிருந்தே இருக்கிறது. அந்தச் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது, சாலை இன்றும் ஓடுகிறது. எங்கள் ஊரில் இது ஆறாத புண். மனிதர்களை மிருகக்காட்சி சாலை மாதிரி எழுதுகிறவர்கள் ஓட்டலைப் பற்றி மட்டும் உண்மை எழுதுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

மூட்டைமுடிச்சு அக்காவுக்கு: மாமியாரோடு பாராடாங் வேண்டாம். காலை ஆறு மணி வரிசையைப் பிடிக்கப் போர்ட் பிளேரில் மூன்று, மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். அப்புறம் வண்டியோடு படகேறி ஜலசந்தி கடந்து, சின்னப் படகில் (நாங்கள் டோங்கி என்போம்) அலையாத்திக் காட்டுக்குள் அரைமணி, அதன் பிறகு சுண்ணாம்புக் குகை வரை நடை. திரும்பி வர மாலை ஆகிவிடும். இதை "ஒரு நாள் சுற்றுலா" என்று ஒரு வரியில் முடிக்கிறார்களா, பாடுகளையும் சொல்கிறார்களா என்று மூன்று புத்தகத்திலும் பாருங்கள்.

மொட்டைமாடி (நவம்பர் 10, இரவு 10:20)

சரி, நான் கட்சி மாறவில்லை, ஆனால் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன். இன்னொரு கேள்வி: திட்டம் போட்டுக் கொடுக்கும் புத்தகம் நல்லதா? "ஐந்து நாளில் அந்தமான்" மாதிரி?

பழையபுத்தகம் (நவம்பர் 11, காலை 6:40)

கடைசி நாளில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். "காலையில் ஹேவ்லாக்கிலிருந்து படகு, மதியம் சென்னை விமானம்" என்று இருந்தால் மூடி வைத்துவிடுங்கள். கடல் மோசமானால் படகு நிற்கும். 2016 டிசம்பர் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் ஹேவ்லாக்கில் மாட்டிக்கொண்டார்கள், கடற்படைக் கப்பல் போய்த்தான் கூட்டி வந்தது. கடைசி இரவு போர்ட் பிளேரில் என்று எழுதியவர் அனுபவசாலி.

இது என் சொந்தக் காசில் கற்றது. நான் போன வருடம் படகு ரத்து, விமானமும் போனது. டிக்கெட் பணம் கேட்டதற்கு, "வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற ஒற்றை வரிதான் பதில். அந்தத் திட்டத்தைப் போட்டுக் கொடுத்த புத்தகத்தில் வானிலைக்கு நான்கு வரி இருந்தது, நான்கும் "இதமான" என்ற சொல்லைச் சுற்றி.

மூட்டைமுடிச்சு (நவம்பர் 12, இரவு 9:00)

வாங்கிவிட்டேன், ஆனால் மூன்றில் எதையும் இல்லை!

தலையணையில் எல்லாம் சரி, ஆனால் தூக்கிக்கொண்டு திரிய முடியாது, அந்தமானைத் தவிர மற்றதெல்லாம் எனக்குச் சுமை. மெலிசுப் புத்தகத்தில் வற்று பற்றி ஒரு சொல் இல்லை, பாராடாங் ஒரே வரி. கடைக்காரர் என் அலைச்சலைப் பார்த்துவிட்டு, பழைய புத்தகம் பார்ப்பீர்களா என்று மாடிக்கு அனுப்பினார். அங்கே அந்தமானுக்கான ஒரு கையேடு, 2014 பதிப்பு, எண்பது ரூபாய். யானை நீந்துகிறது (அப்போது உயிரோடிருந்ததே!). பெயரெல்லாம் பழசு. ஆனால் ஒவ்வொரு கடற்கரைக்கும் "வற்றில்", "பெருக்கில்" என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். கடைசி இரவு போர்ட் பிளேர். "முதியவர்கள் பாராடாங்கைத் தவிர்த்து ராஸ் தீவு போகலாம்" என்றும் இருக்கிறது.

அதைவிட, இதை முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருக்கிறார். பாறைப் பாலம் பக்கத்தில்: "காலை 10க்குப் போனோம். இடுப்பளவு தண்ணீர். பாலம் பார்க்கவில்லை. இளநீர் குடித்தோம்."

கீழைக்காற்று (நவம்பர் 12, இரவு 9:20)

அமாவாசையோ பௌர்ணமியோ ஆக இருந்திருக்கும்.

மொட்டைமாடி (நவம்பர் 12, இரவு 9:31)

ஓட்டல், படகு நேரம், கட்டணம் மட்டும் போனில் பாருங்கள் அக்கா. அந்த ஒரு பிடியையாவது எனக்கு விடுங்கள்.

மூட்டைமுடிச்சு (ஜனவரி 27, இரவு 8:15)

திரும்பி வந்தாச்சு. எல்லாருக்கும் நன்றி. நீளமாக எழுதத் தெம்பில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மொட்டைமாடி, படகு, விடுதி எல்லாம் போனில்தான் பதிவு செய்தோம். போர்ட் பிளேரில் ஒரு மெஸ்ஸில் தமிழிலேயே இட்லி கேட்டு வாங்கினோம். புத்தகத்தில் இருந்த இரண்டு ஓட்டல் இப்போது இல்லை. ஹேவ்லாக்கில் எங்கள் விடுதி கிழக்குப் பக்கம். முதல் நாள் மதியம் போய் இறங்கியதும் பக்கத்து அறைக்காரர் மேலாளரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், "கடல் எங்கே?" என்று. என் மகன் போய், "அங்கிள், ராத்திரி வந்துடும்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

ராஸ் தீவில் மாமியார் ரொம்ப நேரம் நின்றது, ஆலமர வேர் சுவரை அப்படியே விழுங்கி நிற்கும் வெள்ளைக்காரர் கட்டடத்தின் முன்னால். "குடியிருந்தவன் போனா மரம் குடியேறிடும்" என்றார். பையன் பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டை எடுத்து வந்திருந்தான். அதன் பின்பக்கத்தில் இருக்கும் தென்னையும் கலங்கரை விளக்கமும் தெரியும் இடம் ஹாரியட் மலைச் சாலையில் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நோட்டைத் தூக்கிப் பிடித்து ஒத்துப் பார்த்துவிட்டு, "மரம் வளர்ந்திருக்கு" என்றான்.

தை அமாவாசை காலை ஒன்பதரைக்குப் பரத்பூரில் தண்ணீர் நிறைந்து நின்றது. மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்கு. கண்ணாடி இல்லாமலே கால் விரல் தெரிகிறது என்று அவருக்கு ஒரே வியப்பு. பிற்பகல் மூன்றரைக்கு லட்சுமண்பூர். பாறை முழுக்க வெளியே. வழி வழுக்கும், நான் ஒரு முறை விழுந்தேன், முழங்கையில் சிராய்ப்பு. பாலத்துக்கு அடியில் நின்றோம். ஒரு குட்டைக்குள் நீல நிறத்தில் விரல் நீள மீன் ஒன்று, வெளியே போக வழி இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. பெருக்கு வரும் வரை காத்திருக்கும் என்று அங்கிருந்த வழிகாட்டி சொன்னார்.

பென்சில்காரருக்குக் கீழே நானும் எழுதி வைத்தேன்: "தை அமாவாசை, பிற்பகல் 3:30. பார்த்தோம். காலணி முக்கியம். இளநீர் இப்போதும் நன்றாக இருக்கிறது." ஓட்டல் பக்கங்களில் இல்லாததை அடித்து, பெயர் மாறியவற்றைப் பையன் பச்சைப் பேனாவில் திருத்தியிருக்கிறான். யானைப் படத்தை மட்டும் அடிக்க விடவில்லை.

இனி எனக்கு இது வேண்டாம். ஈரோடு பக்கம் வருகிறவர்கள் யாராவது அந்தமான் போவதாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காசு வேண்டாம்.

மொட்டைமாடி (ஜனவரி 27, இரவு 8:17)

மார்ச் கடைசியில் மறுபடி போகிறேன். துண்டு போட்டாச்சு.

மூட்டைமுடிச்சு (ஜனவரி 27, இரவு 8:26)

நீங்களா! சரி, வரும்போது பென்சில் எடுத்து வாருங்கள்.